பள்ளத்தில் இறங்கிய அலாய் வீல்: பெண்டு எடுப்பதா, மாற்றுவதா?

கேள்வி இதுதான். ஐப்பசி மழையில், இரவில், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரும் வழியில் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் முன் இடது வீல் இறங்கிவிட்டது. மூன்றரை வயதுக் கார், 15 அங்குல அலாய் வீல். ரிம்மின் உள்வாய், அதாவது காரின் அடிப்பக்கம் பார்த்த விளிம்பு, வளைந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். டயர் கடைக்காரர், “பெண்டு எடுத்துடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்” என்கிறார். சர்வீஸ் சென்டரில், “வீல், டயர் ரெண்டும் மாத்தணும், இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம்” என்கிறார்கள். யாரை நம்புவது?

டயர் விஷயத்தில் சர்வீஸ் சென்டர் சொல்வது சரி. வீல் விஷயத்தில் இரண்டு பேருமே டயரைக் கழற்றிப் பார்க்காமல் பேசுகிறார்கள். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் உங்கள் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நான் பல வருடம் அலைன்மென்ட் கடை நடத்தியவன். மழைக்காலம் வந்தால் வாரத்துக்கு நாலைந்து வண்டி இதே கதையோடு வரும்.

முதலில் டயர். அந்த வீக்கத்தோடு இனி ஓட்டாதீர்கள், பக்கத்துத் தெருவுக்குக்கூட வேண்டாம். டயரின் பக்கச்சுவருக்குள் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நெருக்கமாக ஓடுகின்றன. பெரும்பாலான கார் டயர்களில் அவை பாலியெஸ்டர் நூல்கள். காற்றைத் தாங்கி நிற்பது ரப்பர் அல்ல, இந்த நூல்கள்தான். பள்ளத்தின் எதிர்க்கரையில் வீல் மோதும்போது, டயர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் பாக்குவெட்டியில் மாட்டிய பாக்கு மாதிரி நசுங்குகிறது. நூல் அங்கே அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் காற்று வெறும் ரப்பரை வெளியே தள்ளுகிறது. நீங்கள் பார்க்கும் எலுமிச்சம்பழம் அதுதான். உள்ளே பேட்ச் ஒட்டினாலும், சில கடைகளில் சொல்வதுபோல் ட்யூப் போட்டு ஓட்டினாலும் அறுந்த நூல் சேரப்போவதில்லை. அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெயிலில், முழு லோடில், வேகத்தில் வெடிக்க வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே நூல் அடுக்கின் இரண்டு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கும் இடம் அப்படித்தான் தெரியும். உள்ளே குழிந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வெளியே புடைத்திருந்தால் டயர் முடிந்தது.

இப்போது வீல். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு “ஒன்றும் ஆகவில்லை” என்று நிம்மதியடைபவர்கள்தான் அதிகம். ஆனால் ஸ்போக்குகள் எல்லாம் ரிம்மின் வெளிப்பக்கத்தை ஒட்டித்தான் சேர்கின்றன. உள்வாய்க்கு அந்தத் தாங்கல் கிடையாது. அதனால் அடி விழுந்தால் முதலில் வளைவது உள்வாய்தான். அங்கேதான் விரிசலும் விடும். ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்து, உள்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இரும்பு வீல் என்றால் இவ்வளவு எழுதவே மாட்டேன். இரும்பு வளையும், திரும்பவும் வளைந்து கொடுக்கும். நட்டுத் துளைகளும் வெல்டிங்கும் நன்றாக இருந்து வாய் மட்டும் வளைந்திருந்தால், அழுத்தியோ தட்டியோ நிமிர்த்தலாம். மனசு ஒப்பவில்லையா, புது இரும்பு வீலே அலாய் வீலைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். நம் ஊர் சாலைக்கு இரும்பு வீல்தான் சரி என்று நான் சொன்னால் வீட்டில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போகட்டும்.

அலாய் வீலின் கதை வேறு. பெரும்பாலான கார்களில் வருவது வார்ப்பு வீல். அலுமினியத்தோடு ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்து அச்சில் ஊற்றுகிறார்கள். ஊற்றி எடுத்தவுடன் அதற்கு முழு வலு இருக்காது. ஏறக்குறைய 540 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 150, 170 டிகிரி வாக்கில் மறுபடியும் சில மணி நேரம் பதப்படுத்துகிறார்கள். டி6 என்று இதற்குப் பெயர். வீலின் வலு இந்தப் பதத்தில்தான் இருக்கிறது.

கடையில் பெண்டு எடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வார்ப்பு அலுமினியத்தைப் பச்சையாக அழுத்தினால் வெடிப்பு விடும் பயம். அதனால் கேஸ் விளக்கால் சூடுபடுத்தி, ஹைட்ராலிக் ஜாக்கியால் உள்ளிருந்து தள்ளுகிறார்கள். இரும்பைக் காய்ச்சினால் அது சிவக்கும். கொல்லுப்பட்டறைக்காரர் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். அலுமினியம் சிவக்காது. உருகும்வரை அதே வெள்ளி நிறத்தில்தான் இருக்கும். வெப்பமானியோ சூட்டைக் காட்டும் கிரேயானோ வைத்துக்கொள்ளாமல் வேலை செய்பவருக்கு, தன் கையில் இருப்பது 180 டிகிரியா 350 டிகிரியா என்பது தெரிய வழியில்லை. 350-ஐத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. பெயிண்ட் அடித்தபின் வீல் பளபளவென்று இருக்கும். அடுத்த பள்ளத்தில் அதே இடம் முன்பைவிட லேசான அடிக்கே மடங்கும். என் சொந்தக் காரிலேயே இப்படி ஆகியிருக்கிறது. வெளியூரில் அவசரத்துக்கு ஒரு கடையில் பெண்டு எடுத்த வீல், ஆறு மாதம் கழித்து ஒரு வேகத்தடையிலேயே காற்று விட்டது. கழற்றிப் பார்த்தால், சூடு காட்டிய இடத்தின் ஓரமாகவே விரல் நீளத்துக்கு விரிசல்.

அப்படியென்றால் பெண்டே எடுக்கக் கூடாதா? கார் கம்பெனிகளும் வீல் செய்பவர்களும் பொதுவாக எடுக்காதே என்றுதான் சொல்வார்கள். சூடு, வெல்டிங் இரண்டும் கூடாது என்பது அவர்கள் நிலை. நான் அவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். வளைவு உள்வாயில் மட்டும், ஒரே இடத்தில், சில மில்லிமீட்டருக்குள், மழுங்கலாக இருந்து, விரிசல் இல்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்டால், சூட்டை அளந்து வேலை செய்யும் கடையில் எடுக்கலாம். அதுவும் ஒரு முறைதான். வாய் கூர்மையாக மடிந்திருந்தாலோ, இரண்டு மூன்று இடத்தில் வளைந்திருந்தாலோ, ஏற்கெனவே ஒரு முறை பெண்டு எடுத்த இடமே திரும்ப வளைந்திருந்தாலோ, மாற்றிவிடுங்கள். ஸ்போக்கிலோ ஸ்போக் ரிம்மோடு சேரும் இடத்திலோ நட்டுத் துளைகளைச் சுற்றியோ ஒரு மயிரிழை தெரிந்தாலும் பேச்சே கிடையாது, பழைய அலுமினிய விலைக்குப் போட வேண்டியதுதான்.

விரிசலை ஆர்கான் வெல்டிங் செய்து தருகிறோம் என்பார்கள். வெல்டிங் நன்றாகவே பிடிக்கலாம், காற்றும் நிற்கலாம். ஆனால் வெல்டிங்கின் இரண்டு பக்கமும் உலோகம் பதம் இழந்து மெத்தென்று ஆகியிருக்கும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தை ஒரு முறை நெருக்கி விடுகிறது. கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல். விரிசல் திரும்ப வருவது பெரும்பாலும் வெல்டிங்கில் அல்ல, அதன் ஓரத்தில். முன் வீலில் வெல்டிங் போட்ட அலாய் வீலை என் வீட்டு வண்டியில் மாட்ட மாட்டேன். உங்களுக்கு மட்டும் வேறு மாதிரி எப்படிச் சொல்வது?

விரிசலை எப்படிப் பார்ப்பது? சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி பார்ப்பது முதல் படி, ஆனால் முழுக்க ஊடுருவிய விரிசலைத்தான் அது காட்டும். அதைவிட நல்லது சிவப்புச் சாயச் சோதனை. பெயிண்டைச் சுரண்டி, துடைத்து, சிவப்புத் திரவத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடித் திரவம் அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசிந்து வரும். ஸ்ப்ரே டப்பாக்களாகவே கிடைக்கிறது, லேத் பட்டறைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்துப் பட்டறைகளில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். பெண்டு எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை, எடுத்தபின் ஒரு முறை. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், விரிசல் வர அதிக வாய்ப்புள்ளதே நிமிர்த்தும்போதுதான்.

அப்புறம், பேலன்சிங். “மெஷின்ல ஜீரோ காட்டுது பாருங்க” என்று திரையைக் காட்டுவார்கள். ஜீரோ காட்டுவதால் வீல் வட்டமாக இருக்கிறது என்று பொருள் இல்லை. பேலன்சிங் மெஷின் பார்ப்பது எடையை மட்டும். முட்டை வடிவ ரிம்முக்கும் தகுந்த இடத்தில் எடை ஒட்டினால் ஜீரோ காட்டும். அந்தரத்தில் அமைதியாகச் சுற்றும். ரோட்டில் இறக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியை ஒரு முறை தூக்கிப் போடும். பார்க்க வேண்டியது ஆட்டம். டயர் இல்லாமல் வெறும் ரிம்மை மாட்டி, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முள்ளை வாயின் உள்ளே டயர் உட்காரும் இடத்தில் வைத்து மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். மேல்கீழ் ஆட்டம், பக்க ஆட்டம் இரண்டும் தனித்தனி. எல்லை எவ்வளவு என்பது உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். என் கடையில் அலாய் வீலுக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேஜ் இல்லாத கடையா, பேலன்சிங் மெஷினில் ரிம் சுற்றும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் வாய்க்கு அருகே பிடித்து இடைவெளி கூடிக் குறைகிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

வீலோடு கதை முடிவதில்லை. அந்த அடி ரிம்மைத் தாண்டி பேரிங், டை ராடு, லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் என்று வீலைத் தாங்கித் திருப்பும் பாகங்கள் வரை போயிருக்கலாம். நேர் ரோட்டில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா, வேகம் கூடக் கூட ஊளையிடும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடினால் முன் வீலைச் சந்தேகப்படுங்கள். சீட் ஆடினால் பின் வீலை. அலைன்மென்ட் செய்யும்போது “எல்லாம் பச்சை காட்டுது” என்பதோடு விடாமல், சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டையும் பிரிண்ட் வாங்குங்கள். அடி வாங்கிய பக்கம் கேம்பர் (வீலின் மேல்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) மட்டும் மறுபக்கத்தைவிட நிறைய வேறுபட்டிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது. டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பினால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

மாற்றுவதென்று முடிவானால் எதை வாங்குவது? வீலின் உள்பக்கம் 15, 6ஜே, இடி 45 என்கிற மாதிரி எழுத்துகள் வார்த்திருக்கும். விட்டம், அகலம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு). இவற்றோடு நட்டு வட்டத்தின் அளவும் நடுத்துளையின் அளவும் சேர்ந்தால்தான் வீல் உங்கள் காருக்குப் பொருந்தும். ஸ்விஃப்ட், பலேனோ போன்றவற்றுக்கு நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 54.1. க்ரெட்டாவுக்கு ஐந்து நட்டு, 114.3. நடுத்துளை பெரிதாக இருக்கும் வெளிச்சந்தை வீலை, இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் மாட்டினால், வீல் புதிதாக இருந்தும் அதிர்வு வரும். பிறகு பேலன்சிங் செய்தவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நட்டும் முக்கியம். சில கார்களில் அலாய் வீலுக்கு ஒரு நட்டு, இரும்பு ஸ்டெப்னிக்கு வேறு மாதிரி. கூம்பு வடிவ நட்டை உருண்டைக் குழியில் வைத்து முறுக்கினால் இறுகியது மாதிரி இருக்கும், இறுகியிருக்காது.

“ஒரிஜினல் டிசைன்” என்று பாதி விலைக்குக் கிடைப்பவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தாங்கும் எடை எவ்வளவு என்ற எழுத்தையும் தேடுங்கள். இந்தியாவில் வீல் ரிம்முக்கான தரம் ஐ.எஸ். 16192. முத்திரை இல்லாத வீலை விலை பார்த்து வாங்காதீர்கள். பழைய வீல் கடைகளில் உங்கள் வீலுக்கு ஜோடி கிடைத்தால் வாங்கலாம், ஆனால் மேலே சொன்ன சாயச் சோதனையும் ஆட்டமும் பார்த்தபிறகுதான். அங்கே வரும் வீல்களில் பல, உங்களைப் போலவே ஒருவர் பள்ளத்தில் இறக்கிவிட்டுக் கொடுத்தவை.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. ஒரே காரின் கீழ் வேரியண்டுக்குக் கம்பெனியே சின்ன வீல் கொடுத்திருக்கும். ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வேரியண்டில் 185/65 ஆர்15 (டயர் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்), கீழ் வேரியண்டில் 165/80 ஆர்14. மொத்த விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் முன்னதில் 120 மில்லிமீட்டர், பின்னதில் 132. அந்த 12 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் உங்கள் ரிம்மைக் காப்பாற்றுவது. மாதம் பாதி நாள் மோசமான ரோட்டில் ஓட்டுபவர், பிரேக் இடிக்காது என்று உறுதிசெய்துகொண்டு நாலையும் 14 அங்குல இரும்புக்கு மாற்றுவது அவமானம் ஒன்றும் இல்லை. இதற்கு நேர்மாறாக 17 அங்குலம் மாட்டிக்கொண்டு வருபவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, அவர்களால்தான் கடை ஓடியது.

டயர் ஒன்றுதான் போனது என்றால் ஒன்று மட்டும் வாங்கலாமா? ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஸ்டெப்னி அதே அளவாக இருந்து, ஓடாமல் இருந்தால், அதை ஒரு பக்கமும் புது டயரை மறுபக்கமும் போட்டு ஜோடி சேர்க்கலாம். ஆனால் பக்கச்சுவரில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 3222 என்றால் 2022-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது. டிக்கியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

இப்போது இன்ஷூரன்ஸ். சாதாரண முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் வராது. கூடவே வண்டிக்கும் சேதம் இருந்தால் டயர் விலையில் பாதி. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள், மூன்றிலிருந்து நாலு வயதுக்கு 25 சதவீதம். 1500 சிசி வரை கட்டாயக் கழிவு, அதாவது க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1000 ரூபாய். ஒரு பேச்சுக்கு வீல் 9000, டயர் 7000 என்று வைத்துக்கொள்வோம். வீலுக்கு 6750, டயருக்கு 3500, ஆயிரம் போனால் கையில் 9250.

ஆனால் மூன்று வருடம் க்ளெய்ம் போடாமல் இருந்திருந்தால், உங்களுக்கு அடுத்த புதுப்பித்தலில் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 45 சதவீதம் வர வேண்டும், அதற்கடுத்து 50. இப்போது போட்டால் பூஜ்யத்தில் இறங்கி 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் வருடம் 8000 என்று, மாறாமல் வைத்துக் கணக்குப் போட்டால், ஐந்து வருடத்தில் இழப்பது 3600, 2400, 2000, 1200, 400. மொத்தம் 9600. வாங்கியதைவிட அதிகம்! தேய்மானம் கழிக்காத பாலிசியோ, டயருக்குத் தனிக் காப்போ, போனஸைக் காக்கும் சேர்க்கையோ எடுத்திருந்தால் கணக்கு மாறும். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம் என்று பட்டியல் நீண்டாலும் மாறும். அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள் என்கிறேன். அதுவரை எதையும் கழற்றிச் சரிசெய்யாமல், பள்ளத்தையும் வீலையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு தகவலாவது சொல்லிவிடுங்கள். பழுது பார்த்துவிட்டுப் போய்க் கேட்டால் சர்வேயர் கையை விரிப்பார்.

பள்ளத்தைப் பற்றிப் புகார் செய்ய, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, சென்னை மாநகராட்சித் தெரு என்றால் 1913. வீலுக்குப் பணம் அதில் வராது, அடுத்தவர் வீல் தப்பலாம்.

உங்கள் வண்டிக்கு நான் செய்வது இதுதான்: டயர் புதிது, உள்வாய் சாயச் சோதனை, சுத்தமாக இருந்து வளைவும் சின்னது என்றால் பெண்டு எடுத்து அந்த வீலை ஸ்டெப்னிக்குத் தள்ளிவிட்டு, ஸ்டெப்னியில் இருப்பது அதே அளவு என்றால் முன்னால் கொண்டுவருவது. மாட்டும்போது நட்டுகளை ஏர் கன்னால் டர்ரென்று அடித்து முடிக்க விடாதீர்கள். டார்க் ரெஞ்சில், கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். அலாய் வீல் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உட்காரும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் வண்டி ஆறியிருக்கும்போது ஒரு முறை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.